கொண்டல் - 14: கூட்டி வந்தவன் பொறுப்பு

சனிக்கிழமை காலையில் ஷெர்லி முதலில் செய்த காரியம், தம்பி சிஜோவின் வருங்கால மைத்துனனைக் கில்டிலிருந்து வெளியேற்றியது. இரண்டாவது செய்த காரியம், தம்பியையே வெளியேற்றியது.

இரண்டையும் முடித்த பிறகுதான் பல் தேய்க்கப் போனாள்.

கில்டு என்றால் ஆன்லைன் விளையாட்டில் ஒன்றாகச் சேர்ந்து ஆடும் கூட்டம். ஷெர்லியின் கில்டுக்கு ‘கொண்டல்’ என்று பெயர். குவைத்திலும் மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் நாகர்கோவிலிலும் இருக்கும் எழுபது பேர், கடியப்பட்டணத்தில் ஒரு மீன்காரக் குடும்பத்தின் முன்னறையிலிருந்து வரும் ஒரு பெண்குரலுக்குக் கட்டுப்பட்டு நான்கு வருடமாக ஆடி வருகிறார்கள். அந்தக் குரலுக்குரியவள் மணவாளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். வயது இருபத்தேழு.

அந்த நான்கு வருடத்தில் எத்தனையோ பெரிய கில்டுகள் சிதறிப் போயின. எங்கேயும் கதை ஒன்றுதான். ஒருவன் வருவான், நன்றாக ஆடுவான், எல்லோரும் தலையில் தூக்கி வைப்பார்கள். பிறகு பொதுச் சாமான்களை வாரிக்கொண்டு போய்விடுவான். இல்லையென்றால் பெண்பிள்ளைகளிடம் வம்பு பண்ணுவான். கொண்டல் மட்டும் அப்படியே நின்றது. காரணம் அதன் வாசலில் ஷெர்லி நின்றதுதான்.

சேர வருகிறவனிடம் அவள் ‘எத்தனை போரில் ஜெயித்தாய்’ என்று கேட்பதில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவனோடு ஒரு ஆட்டம் ஆடுவாள். கூடவே இரண்டு கற்றுக்குட்டிகளையும் சேர்த்துக்கொள்வாள். ஆட்டம் தோற்கும்படி தானே பார்த்துக்கொள்வாள். தோற்ற பிறகு அந்தக் கற்றுக்குட்டிகளிடம் அவன் என்ன பேசுகிறான் என்பதுதான் பரீட்சை. திட்டினால் வாசலோடு சரி. “போட்டும், இன்னொரு தடவ நோக்குவோம்” என்றால் உள்ளே.

இவற்றோடு ஒரு விதியும் உண்டு. யாராவது ஒருவனைக் கூட்டி வந்தால், அவன் செய்கிற வம்புக்குக் கூட்டி வந்தவனே பொறுப்பு. அவன் போனால் இவனும் போக வேண்டும்.

அனீஷுக்கு மட்டும் அவள் பரீட்சை வைக்கவில்லை.

தோஹாவில் சிஜோவோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன் அனீஷ். அருமனைக்காரன். அவன் தங்கை ஜெமியைத்தான் சிஜோவுக்குப் பேசியிருக்கிறார்கள். இருவரும் சேர்ந்தே லீவில் ஊருக்கு வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அருமனையில் நிச்சயம். “நம்ம ஆளுதானே அக்கா, அவனுக்கும் டெஸ்டா?” என்று சிஜோ கேட்டபோது ஷெர்லி சிரித்துவிட்டு உள்ளே விட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்த ஃபோன்தான் போன வாரம் நாம் நிறுத்திய இடம். பேசியது தேரூர் அஞ்சு. கில்டில் காயம்பட்டவர்களுக்கு மருந்து கொடுத்துக் காப்பாற்றுகிறவள். நாகர்கோவிலில் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

“அக்கா, பக்கத்து வீட்டுலேருந்து பேசுகேன். அப்பா நெட்டு மோடத்த அலமாரியில வச்சுப் பூட்டிட்டாரு. காலேஜுக்கும் போவாண்டாம்னு சொல்லிட்டாரு.”

அனீஷ் அவளிடம் செல்ஃபோன் நம்பர் கேட்டிருக்கிறான். அவள் தரவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான். அவள் தரவே இல்லை. பேச்சுவாக்கில் எப்போதோ அவள் சொன்ன ஊர்ப் பெயரையும் அப்பா பெயரையும் வைத்து, டெலிபோன் டைரக்டரியில் தேடி, வீட்டு நம்பருக்கே கூப்பிட்டுவிட்டான். எடுத்தவர் தாணப்பன், அவள் அப்பா. “உங்க மக ராத்திரி ஆம்பிளைகளோட கொஞ்சிட்டு இருக்கா, கவனிக்கது இல்லியா?” என்று கேட்டு ஃபோனை வைத்துவிட்டான்.

“நீங்க வந்து அப்பாகிட்ட பேசுவீங்களா அக்கா?” என்று அஞ்சு அழுதாள்.

“வாறேன்” என்றாள் ஷெர்லி.

---

“அக்கா, எனக்க ஐடி உள்ள போவ மாட்டேங்குது. சர்வர் டவுணா?”

தலையில் எண்ணெய் வடிய, தோளில் துவர்த்துத் துண்டோடு சிஜோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

“சர்வருக்கு ஒண்ணுமில்ல. நான்தான் எடுத்துட்டேன்.”

“எடுத்துட்டியா? இண்ணைக்கு நாலு மணிக்கு கோட்டச் சண்ட கெடக்கு! நாந்தானே முன்ன நிக்கணும்?”

“அனீஷையும் எடுத்துட்டேன்.”

சிஜோ நாற்காலியோடு திரும்பினான். ஷெர்லி நடந்ததைச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் பாடம் நடத்துவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள்.

“அவன் தமாஷுக்குச் செய்திருப்பான்க்கா. அதுக்குப் போய்... நாளைக்கு நாம அவன் வீட்டுலதானே போய் இருக்கணும்? அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

“அந்தப் பிள்ள திங்கக்கிழம எங்க போய் முழிக்கும்?”

“செரி, அவன எடுத்தா எடு. என்னை எதுக்கு எடுத்த?”

“ஆரு கூட்டிட்டு வந்தது?”

அந்த விதியைப் போட வேண்டுமென்று இரண்டு வருடத்துக்கு முன்னால் தோஹாவிலிருந்து கத்தியவனே சிஜோதான்.

“நான் உனக்க தம்பிட்டி” என்றான். அக்கா என்பதை மறந்து கோபத்தில் ‘ஏட்டி’ போட்டுவிட்டான்.

“அதுனாலதான் ரெண்டாவதா எடுத்தேன். இல்லேன்னா உன்னைத்தான் மொதல்ல எடுத்திருப்பேன்.”

அவன் சட்டென்று செல்ஃபோனை எடுத்து அனீஷுக்கு அடித்தான். ‘நீயே கேளு’ என்பதுபோல் ஸ்பீக்கரைப் போட்டு மேஜையில் வைத்தான்.

“அளியா, மச்சானே!” என்று சிரித்துக்கொண்டே எடுத்தான் அனீஷ். “உனக்க அக்கா என்னைத் தூக்கிட்டா, கண்டியா? பெரிய ராணியாக்கும்.”

“லேய், நீ அந்தப் பிள்ளைக்க வீட்டுக்கு ஃபோன் பண்ணினியா?”

“அதா? ஒரு நம்பர் கேட்டதுக்கு என்ன கெத்து காட்டுகா! ஒரு ஃபோன்தான் போட்டேன். பாக்கிய அவளுக்க அப்பன் பாத்துக்கிட்டான். இப்ப அடங்கியிருப்பா.”

மறுபடி சிரிப்பு.

சிஜோவின் முகத்தை ஷெர்லி பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடம் ஒரே அறையில் படுத்து எழுந்து, ஒரே பாத்திரத்தில் சோறு பொங்கித் தின்ற கூட்டுக்காரனின் சிரிப்பை, அவன் இப்போதுதான் முதல்முதலாகக் கேட்பதுபோல் உட்கார்ந்திருந்தான்.

ஃபோனை அணைத்தான். எழுந்து கொல்லைப்புறம் போனான்.

---

பத்து மணிக்கு ஷெர்லி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கில்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டாள்.

“ரெண்டு பேரை வெளியே அனுப்பியிருக்கேன். ஒருத்தன் நம்ம கூட்டத்தில ஒரு பெண்பிள்ளையைத் தொந்தரவு பண்ணினான். இன்னொருத்தன் அவனைக் கூட்டிட்டு வந்தவன். எனக்க தம்பி. புதுசா வந்தவன நான் விசாரிக்காம உள்ள விட்டேன். அது எனக்க தப்பு.”



“எந்தப் பிள்ளை?” என்று சிங்கப்பூரிலிருந்து ஒரு குரல்.

“அது தெரிய வேண்டியவங்களுக்குத் தெரியும்.”

“இண்ணைக்குப் போயா இதச் செய்யணும்? சிஜோ இல்லாம கோட்டை நிக்குமா? நாளைக்குச் செய்யப்பிடாதா?” என்று கேட்ட இன்னொருவன், பதிலுக்குக் காத்திராமல் கில்டை விட்டே போய்விட்டான். அவன் பின்னால் இன்னும் இருவர் போனார்கள்.

போனவர்களை அவள் கூப்பிடவில்லை.

“டீச்சரே” என்று இருமிக்கொண்டு பேசினார் ரசலையன். குவைத்தில் கிரேன் ஓட்டுகிறவர், நைட் டூட்டி முடித்து வந்து தூங்காமல் உட்கார்ந்திருப்பவர். “அப்பம் நாலு மணிக்கு முன்ன நிக்கது ஆரு? நீங்களா?”

“நான் இருக்க மாட்டேன். அந்தப் பிள்ளைக்க வீட்டுக்குப் போணும். நீங்க நில்லுங்க அண்ணே.”

“நானா? நான் இன்னும் வலத்தும் இடத்தும் மாறி ஓடுகவனாக்கும். கோட்டை போயிருமே!”

“போனா வேற கோட்டை பிடிக்கலாம். அந்தப் பிள்ளைக்கு காலேஜ் ஒண்ணுதான் இருக்கு.”



“நீங்க போய்ட்டு வாங்க டீச்சரே” என்றார் ரசலையன்.

---

அம்மா குளோரி சந்தையிலிருந்து வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. அன்று சாளை மீன் நல்ல பாடு, வலை நிறைய விழுந்திருந்தது. அலுமினியச் சருவத்தை இறக்கி வைத்துக் கையைக் கழுவும் முன்பே தெரு முழுக்கப் பரவிய செய்தி அவள் காதுக்கு வந்துவிட்டது. சிஜோ கொல்லையில் நின்று யாரிடமோ ஃபோனில் கத்தியதைப் பக்கத்து வீட்டு ஞானபாய் கேட்டிருந்தாள்.

“ஏட்டி ஷெர்லி! பெண்ணுவீட்டு ஆளையா நீ வெளிய தள்ளுன? உனக்குப் புத்தி பெரண்டு போச்சா? உனக்க அப்பன் கொச்சியில வள்ளத்துல கெடக்கான். நாளைக்குப் பெண்ணுவீட்டுல நான் ஒத்தையிலயா பதில் சொல்லணும்?”

“அம்மா, இருங்க. ஒரு காரியம் சொல்லுகேன். கேட்டுட்டு ஏசுங்க.”

குளோரி நின்றபடியே கேட்டாள். கேட்கக் கேட்கச் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்; கை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

“அந்தப் பிள்ளைக்கு எத்ர வயசு?”

“பத்தொம்பது.”

“அதுக்குப் பெத்த தள்ள உண்டா?”

“உண்டு.”

குளோரி கொல்லைப்புறத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“சிஜோ! இஞ்ச வா.”

அவன் வந்தான். கண் சிவந்திருந்தது. கையில் பைக் சாவி இருந்தது. அம்மா கேட்கும் முன்பே அவன் பேசினான்.

“அக்கா ஒத்தையில போவாண்டாம். நான் கூட்டிட்டுப் போறேன். அவனைக் கூட்டிட்டு வந்தது நானாக்கும்.”

---

ராஜாக்கமங்கலம், ஈத்தாமொழி, சுசீந்திரம் என்று பைக் போய்க்கொண்டிருந்தது. தென்னந்தோப்புகள் முடிந்து வயல்கள் தொடங்கின. சுசீந்திரம் தாண்டியதும்தான் சிஜோ கேட்டான்.

“அவரு அடிச்சா?”

“வாங்கிட்டு வருவோம்.”

தேரூரில் தாணப்பன் வீட்டு முற்றத்தில் கன்னிப்பூ அறுவடை நெல் காய்ந்துகொண்டிருந்தது. அவர் கூட்டுறவு வங்கியில் குமாஸ்தா. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலால் நெல்லைக் கிளறி விட்டுக்கொண்டிருந்தார்.

“ஆரு?”

“எனக்க பேரு ஷெர்லி. கடியப்பட்டணத்திலேருந்து வாறேன் சார். அஞ்சு ஆடுத விளையாட்டுல நான்தான் தலைவி.”

தாணப்பனின் கால் நின்றது.

“ஓகோ. வீடு வரைக்கும் வந்தாச்சா?”

“உங்களுக்கு ஃபோன் பண்ணினவன் எங்க கூட்டத்தில இருந்தவன். அவன விசாரிக்காம உள்ள விட்டது நான். தப்பு எனக்கது. அஞ்சு ஒரு தப்பும் செய்யல்ல.”

“அவன் சொன்னது பொய்யா? ராத்திரி ஆம்பிளைகளோட இவ பேசல்லியா?”

பொய் சொல்லித் தப்பித்துக்கொள்ள அது நல்ல இடம். ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஷெர்லி சொல்லவில்லை.

“பேசினா சார். முப்பது பேரு கேக்கப் பேசினா. நானும் கேட்டுட்டு இருந்தேன். ‘நீங்க பின்னால போங்க, உங்களுக்கு அடிபட்டிருக்கு, நான் மருந்து தாறேன்’னு பேசினா. அதுதான் அவளுக்க வேலை.”

வாசல் நிலைக்குப் பின்னால் அஞ்சுவின் அம்மா அழகியநாயகி வந்து நின்றதை ஷெர்லி பார்த்தாள். அவளுக்குப் பின்னால் அஞ்சு. குரலை நான்கு மாதமாகத் தெரியும். முகத்தை இப்போதுதான் பார்க்கிறாள். நெற்றியில் சாந்து, ஒல்லியாக ஒரு பெண்.

“இது ஆரு?” என்று தாணப்பன் சிஜோவைக் காட்டினார்.

சிஜோ முன்னால் வந்தான். “அவன இதுல கூட்டிட்டு வந்தது நான் சார். எனக்க சிநேகிதன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். எனக்குப் பெண்ணு தாற வீட்டுப் பையன். நாளைக்கு நிச்சயம்.”

“நாளைக்கா?”

“ஆமா சார். மன்னிக்கணும்.”

தாணப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஷெர்லியிடம் திரும்பினார்.

“அப்போ அந்தப் பயல என்ன செய்தே?”

“வெளிய ஆக்கிட்டேன். இவனையும் சேத்து.”

“இவன் உனக்கு ஆரு?”

“கூடப் பெறந்த தம்பி.”

“தம்பியையா?” தாணப்பன் நம்பாமல் சிஜோவைப் பார்த்தார். வாத்தியாரிடம் அடி வாங்கிய பையன்போல் சிஜோ தலையாட்டினான்.

அப்போது அஞ்சு முற்றத்துக்கு இறங்கி வந்தாள்.

“அப்பா, அவன் எங்கிட்ட ஃபோன் நம்பர் கேட்டான். நான் குடுக்கல்ல. பத்து தடவ கேட்டான். குடுக்கல்ல. அந்தக் கோவத்திலதான் உங்களக் கூப்பிட்டான்.”

“இத நீ எங்கிட்ட சொல்லல்லியே?”

“நீங்க கேக்கல்லியேப்பா. ஃபோன வச்ச உடனே மோடத்தப் பிடுங்கினிய. இனி காலேஜ் கெடையாதுன்னிய. நான் வாயத் தொறக்கும் முன்ன எல்லாம் முடிஞ்சு போச்சு.”

தாணப்பன் நெல்லுக்குள் நின்றபடி மகளைப் பார்த்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாரா, வேறெதற்கா என்று தெரியவில்லை. அழகியநாயகி உள்ளே போய் இரண்டு செம்பில் மோர் கொண்டு வந்து கடலோரத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்தாள். அவர் தடுக்கவில்லை.

“காலேஜ் பஸ்ஸு” என்றார் கடைசியில். “திங்கக்கிழம எத்தன மணிக்கு வரும்?”

அழகியநாயகி முந்திக்கொண்டு சொன்னாள். “எட்டே காலுக்கு.”

“ம். அந்த மெஷினு அலமாரியிலேயே இருக்கட்டும். அதப் பத்திப் பொறவு பேசுவோம்.”

ஷெர்லி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எதைக் கேட்க வந்தாளோ அது கிடைத்துவிட்டது. மோர்ச் செம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

தாணப்பன் தெரு வாசல் வரை வந்தார். பைக்கில் ஏறப் போனவளிடம் மெதுவாகக் கேட்டார்.

“சொந்தத் தம்பிய வெளிய தள்ளும்போ உனக்குக் கஷ்டமா இல்லியா பிள்ளே?”

“கஷ்டமாத்தான் இருந்துது சார்.”

---

சுசீந்திரம் குளத்தங்கரையில் வரும்போது ரசலையன் கூப்பிட்டார்.

“டீச்சரே, கோட்டை போச்சு.”

“போட்டும் அண்ணே.”

“நான் இடத்து பக்கம் போவச் சொன்னேன், நானே வலத்து பக்கம் போய்ட்டேன். ஆனா ஒண்ணு. கடைசி வரைக்கும் ஒருத்தனும் ஓடல்ல. அந்தப் பிள்ள இல்லாததால எல்லாவனும் மருந்தில்லாமச் செத்தான். செத்துச் செத்து எழும்பி வந்தான்.” பிறகு சொன்னார், “திரும்பி வந்ததும் அந்தப் பிள்ளகிட்ட இதச் சொல்லுங்க. அது ஆருன்னு எங்களுக்குத் தெரியாதுன்னே வச்சுக்குவோம், கேக்கவும் மாட்டோம். சும்மா சொல்லுங்க.”

ஷெர்லி காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள். பைக் ஓட்டிக்கொண்டிருந்த சிஜோவுக்கு அது கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் மங்கவில்லை. குளோரி வாசலிலேயே நின்றிருந்தாள்.

“அருமனையிலேருந்து கூப்பிட்டாங்க. அனீஷுக்க அப்பன். நாளைக்கு எல்லாருக்கும் முன்ன ஷெர்லி அவனுக்க மகன்கிட்ட மன்னிப்பு கேக்கணுமாம். கேட்டாத்தான் நிச்சயமாம்.”

சிஜோ சாவியை எடுக்காமலே பைக்கிலிருந்து இறங்கினான். “நீங்க என்ன சொன்னீங்க?”

“உங்க மகன் என்ன செய்தான்னு மொதல்ல அவன்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடுங்கன்னு சொன்னேன். சொல்லிட்டு வச்சுட்டேன்.” குளோரி மகளைப் பார்த்தாள். “அந்தப் பிள்ள காலேஜுக்குப் போவுமா?”

“போவும்மா.”

“போதும். வந்து சோறு தின்னுங்க ரெண்டு பேரும்.”

சோற்றில் கை வைக்கும் முன்பே சிஜோவின் ஃபோன் அடித்தது. ஜெமி. எடுத்த உடனே அவள் சொன்னது, “அக்காகிட்ட குடுங்க.” அவன் ஸ்பீக்கரைப் போட்டு நடுவில் வைத்தான்.

“அக்கா, அப்பா கேட்டப்போ அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டான். வெக்கமே இல்லாமச் சிரிச்சுட்டே சொன்னான். அந்தப் பிள்ளைக்க நம்பர் தருவீங்களா? நான் அவகிட்ட மன்னிப்பு கேக்கணும்.”

ஷெர்லி உடனே பதில் சொன்னாள். “நம்பர் தரமாட்டேன் ஜெமி. அவகிட்ட கேக்கேன். அவ சரின்னா தாறேன்.”

கோபித்துக்கொண்டாளோ என்று சிஜோ ஃபோனைப் பார்த்தான்.

“அதுதான் சரி” என்றாள் ஜெமி. குரல் இறங்கியிருந்தது. “அக்கா, அண்ணன் இது மொதல் தடவை செய்யல்ல. எனக்க கூட நர்சிங் படிச்ச ஒரு பிள்ளைக்கும் இப்படித்தான் செய்தான். அவ படிப்ப விட்டுட்டுப் போய்ட்டா. எனக்கு மட்டும்தான் தெரியும். இவ்வளவு நாளும் வாய மூடிட்டு இருந்தேன். நாளைக்கு ஆளுகள் எல்லாம் இருக்கும்போ, அப்பாவுக்கு முன்ன நான் அதச் சொல்லலாம்னு இருக்கேன். சொன்னா நிச்சயம் நடக்குமான்னு எனக்குத் தெரியாது. சொல்லட்டா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க.”

இதற்கு ஷெர்லி பதில் சொல்ல முடியாது. அவள் தம்பியைப் பார்த்தாள். குளோரியும் பார்த்தாள்.

சிஜோ தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஃபோன் பக்கம் குனிந்தான்.

“சொல்லு ஜெமி. நீ சொல்லும்போ நாங்க மூணு பேரும் அங்க இருப்போம்.”